வத்தல் களத்தில் எடுத்த படம்

கோவில்பட்டியில் சடங்கு வீடு என்றால் இவாஞ்சலினைத்தான் கூப்பிடுவார்கள். சமைந்த பிள்ளைக்குத் தண்ணீர் ஊற்றும் இடத்தில் ஆம்பளை போட்டோகிராபர் வந்து நின்றுகொண்டு 'கொஞ்சம் சிரிம்மா' என்றால் எந்தப் பிள்ளைக்குத்தான் சிரிப்பு வரும்? இவாஞ்சலின் கேமராவோடு உள்ளே போனால் பிள்ளை தானாகச் சிரிக்கும். யார் முதலில் மாலை போடுவது என்று முறைத்துக்கொண்டிருக்கும் அத்தைமார்கூட சண்டையை ஒத்திவைத்துவிட்டு வரிசையில் நிற்பார்கள். இருபத்திரண்டு வருடமாக இதுதான் அவள் பிழைப்பு.

கயத்தாறுப் பக்கத்துப் பெண். பன்னிரண்டாவது முடித்த கையோடு கோவில்பட்டி ஸ்டுடியோ ஒன்றில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, மாப்பிள்ளைகளின் முகப்பருவை அழிக்கும் வேலைக்குச் சேர்ந்தாள். முதலாளிக்கு ஒருநாள் காய்ச்சல். முகூர்த்தம் காய்ச்சலுக்காகக் காத்திருக்குமா? கேமராவை இவள் தூக்கிக்கொண்டு போனாள். அன்றைக்கு எடுத்த படங்களைப் பார்த்த முதலாளி, காய்ச்சல் விட்ட பிறகும் அவளையே அனுப்ப ஆரம்பித்தார். பிறகு எட்டயபுரம் ரோட்டில் சொந்தமாக ஒரு கடை, 'இவா ஸ்டுடியோ' என்று ஒரு போர்டு. புருஷன் பிரின்ஸ்டன் அரசு பஸ்ஸில் கண்டக்டர். பெண்டாட்டியின் தொழில்மேல் அவனுக்கு மலையளவு மரியாதை உண்டு. வாய் மட்டும் சும்மா இருக்காது.

இவாஞ்சலினுக்கு ஒரு பழக்கம். கல்யாணத்துக்கோ காதுகுத்துக்கோ போனால் அவர்கள் கேட்டதையெல்லாம் எடுத்துக் கொடுப்பாள். ஸ்கூட்டரில் திரும்பி வரும் வழியில் மட்டும் தனக்கென்று எடுப்பாள். வெடித்துக் கிடக்கும் கரிசல், உடைமர நிழலில் படுத்திருக்கும் ஆடு, பருத்திக் காட்டில் ஒன்றன்பின் ஒன்றாகக் குனிந்து நிற்கும் முதுகுகள். "ஒரு பைசாவுக்குப் பிரயோசனம் இல்லாத படத்துக்கு ஏன்ட்டி பெட்ரோல் எரிக்க?" என்பான் பிரின்ஸ்டன். "நீங்க தினமும் வெறும் பஸ்ல விருதுநகருக்கும் கோவில்பட்டிக்கும் போயிட்டு வரலையா?" என்பாள் அவள்.

அப்படி எடுத்ததுதான் அந்தப் படம். மூன்று வருடத்துக்கு முந்திய பங்குனி. விளாத்திகுளத்தில் ஒரு கல்யாணத்தை முடித்துவிட்டு வரும்போது, ரோட்டோரக் களம் முழுக்க வத்தல் காய்ந்துகொண்டிருந்தது. காய்ந்த மிளகாய்க்கு இங்கே வத்தல் என்றுதான் பெயர். கறுத்த மண்ணின் நடுவில் அத்தனை சிவப்பு. வண்டியை நிறுத்திவிட்டுக் கேமராவை எடுத்தாள். களத்தில் வத்தலைப் புரட்டிக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்து பார்த்து, "யக்கா, மிளகாய மட்டும்தான் எடுப்பீங்களா? என்னயும் ஒண்ணு எடுங்க" என்றாள். இவாஞ்சலின் எடுத்தாள். அந்தப் பெண் கிருஷ்ணவேணி, முப்பத்தாறு வயது, வீட்டில் தெலுங்கு பேசுகிற குடும்பம். கொஞ்ச நேரம் பேச்சுக் கொடுத்துவிட்டுக் கிளம்பும்போது, ஒரு மஞ்சள் பை நிறைய வத்தலை அள்ளிப் போட்டு ஸ்கூட்டர் கொக்கியில் மாட்டிவிட்டாள். அந்த வாரமே இவாஞ்சலின் பிரிண்ட் போட்டு பஸ்ஸில் கொடுத்தனுப்பினாள். ஸ்டுடியோவின் ஃபேஸ்புக் பக்கத்திலும், படத்தின் ஓர் ஓரத்தில் தன் ஸ்டுடியோ பெயரோடு போட்டு வைத்தாள்.

போன ஐப்பசியில் மளிகைக் கடையில் ஒரு மசாலா பாக்கெட்டை எடுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். 'செங்களம் மிளகாய்த்தூள்'. மேலே கிருஷ்ணவேணி சிரித்துக்கொண்டிருந்தாள். அதே களம், அதே முந்தானை, அதே சாயங்கால வெயில். ஓரத்தில் இருந்த 'இவா ஸ்டுடியோ' மட்டும் இல்லை. நறுக்கென்று வெட்டியிருந்தார்கள்.

கடைக்காரர் "காரம் ஜாஸ்திதான் தங்கச்சி, நல்ல தூளு" என்றார். "தூளு நல்லாத்தான் இருக்கும் அண்ணாச்சி, படம்லா என்னுது!" என்று சொல்லிவிட்டு, நான்கு பாக்கெட்டை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாள். அவளுக்குக் காசு ஒன்றும் வேண்டாம். படத்துக்குக் கீழே தன் பெயர் வரவேண்டும், அவ்வளவுதான். இருபத்திரண்டு வருடத்தில் ஊரில் பாதி வீட்டுச் சுவரில் அவள் எடுத்த படம் தொங்குகிறது. ஒன்றிலாவது அவள் பெயர் இருக்கிறதா? ஆயிரக்கணக்கான வீட்டு அடுப்படிக்குப் போகிற இந்த ஒரு படத்திலாவது இருக்கட்டுமே என்றுதான் நினைத்தாள்.

மறுநாளே கம்பெனிக்குப் போனாள். முதலாளி வேல்ராஜ், அறுபது வயதுக்காரர், நெற்றி நிறையத் திருநீறு, பேச்சில் வெல்லம். விளாத்திகுளம் பக்கம் பாதி ஊரின் வத்தலை வாங்குகிறவர் அவர்தான். மோர் வரவழைத்துக் கொடுத்தார்.

"நெட்டுல கெடந்த படம்மா. டிசைன் பண்ணுத ஆளு எடுத்துப் போட்டிருக்கான். நெட்டுல கெடக்கது ஊருணித் தண்ணி மாதிரி, யாரு வேணாலும் மொண்டுக்கிடலாம்."

"ஊருணியிலயும் வெட்டுனவன் பேரக் கல்லுல எழுதித்தான் வச்சிருக்கு அண்ணாச்சி."

வேல்ராஜ் சிரித்தார். "நீதான் எடுத்தேங்கிறதுக்கு என்ன அத்தாட்சி?"

இவாஞ்சலின் லேப்டாப்பைத் திறந்தாள். கேமராவிலிருந்து வந்த முழுப் படம் அதில் இருந்தது. பாக்கெட்டில் வெட்டுப்பட்ட இடது பக்கத்தில் அவளுடைய ஸ்கூட்டர், கொக்கியில் ஹெல்மெட், நம்பர் பிளேட் உட்பட நிற்கிறது. வேல்ராஜ் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு லேப்டாப்பை அவள் பக்கமே திருப்பி வைத்தார். அதோடு எழுந்து வந்திருக்க வேண்டும். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். நுணலும் தன் வாயால் கெடும் என்றும் அதே ஆட்கள்தான் சொல்லி வைத்திருக்கிறார்கள். ஜெயித்துவிட்ட குஷியில் இவள் கதை முழுவதையும் அவிழ்த்துவிட்டாள். "அந்தப் பிள்ளை பேரு கூடச் சொல்லுதேன், கிருஷ்ணவேணி. அவதான் 'என்னயும் ஒண்ணு எடுங்க'ன்னு கேட்டா. எடுத்தேன். ஒரு பை வத்தல் குடுத்துவிட்டா. நான் அங்கன போகாமலா இதெல்லாம் சொல்லுதேன்?"

"அப்படியா?" என்றார் வேல்ராஜ், ரொம்ப மரியாதையாக. "யோசிச்சுச் சொல்லுதேம்மா."

அங்கிருந்து நேராக வக்கீல் பொன்மணியிடம் போனாள். பொன்மணியின் கல்யாணத்துக்குப் படம் எடுத்ததே இவாஞ்சலின்தான். அந்த உரிமையில் போய் உட்கார்ந்தாள். பொன்மணி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கவலைப்படாதீங்கக்கா. படம் எடுத்த நொடியிலயே உரிமை எடுத்தவங்களுக்கு வந்துருது. அதுக்குப் பதிவுகூடத் தேவையில்ல. ஆனா பதிவு பண்ணி வச்சா நாளைக்கு ஒருத்தன் இல்லன்னு சொன்னா காட்டுததுக்கு ஒரு சர்டிபிகேட் இருக்கும்" என்றாள்.

"அப்போ நான் எடுத்த எல்லாப் படமும் என்னுதா?" இவாஞ்சலினுக்கு வாயெல்லாம் பல்.

"அங்கனதான் ஒரு கொக்கி இருக்கு. ஒருத்தர் கேட்டு, அதுக்கு விலையும் குடுத்து எடுத்த படம்னா, வேற மாதிரி எழுதி வாங்கிக்கிடாத வரைக்கும், உரிமை கேட்டவங்களுக்குத்தான்."

"அப்போ ஒங்க கல்யாண ஆல்பம்?"

"என்னுது."

"ஒங்க மாமா பந்தியில தூங்கி வழிஞ்சாரே, அது?"

"அதுவும் என்னுதுதான். அதைத்தான் நான் பத்திரமா வச்சிருக்கேன்."

அடேயப்பா! இருபத்திரண்டு வருடத்துக் கல்யாணம், சடங்கு, மொய் வாங்குகிற மேஜை, மணவறை, எல்லாம் ஒரே வாக்கியத்தில் கைவிட்டுப் போனது. பிறகு யோசித்துப் பார்த்ததில், மற்றவர்கள் மாமாவை வைத்துக்கொண்டு தான் என்ன செய்யப்போகிறோம் என்று மனம் ஆறிவிட்டது. ரோட்டோரத்தில் எடுத்ததெல்லாம் தன்னுடையது, பிரின்ஸ்டன் பெட்ரோல் கணக்குச் சொன்ன அத்தனை படமும் தன்னுடையது! சந்தோஷமாகத்தான் இருந்தது.

பொன்மணி பேனாவை எடுத்தாள். "சரி, இந்த வத்தல் களத்துப் படம். இதை எடுக்கச் சொல்லி யாராவது கேட்டாங்களா? அதுக்கு ஏதாவது குடுத்தாங்களா?"

இவாஞ்சலினுக்குக் கிருஷ்ணவேணி நினைப்பு வந்தது. கேட்டாள். கொடுத்தாள். ஒரு பை வத்தல்.

"அது களத்து வழக்கம்லா?" என்றாள் மெதுவாக. "களத்துக்கு வந்தவங்கள வெறுங்கையா அனுப்ப மாட்டாங்க. வழி கேக்க நின்னவனுக்குக்கூட ஒரு கை அள்ளிப் போடுவாங்க."

"எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியும். சட்டப் புத்தகத்துக்குத் தெரியுமா? கூலியா, வழக்கமான்னு குடுத்தவங்கதான் சொல்லணும். இதை வேற யார்கிட்டயும் சொல்லிரலையே?"

"வேல்ராஜ் அண்ணாச்சிகிட்ட…"

"யக்கா! உங்க வாயில ஒரு ஃபில்டரப் போடுங்க முதல்ல."

ஆனாலும் மனுப் போட்டார்கள். கம்ப்யூட்டரிலேயே போடுகிற மனுதான், கட்டணம் ஐநூறு. படத்துக்கு ஒரு தலைப்புக் கேட்டது; இவாஞ்சலின் 'மிளகாய்க் களத்தில் ஒரு பெண்' என்று எழுதினாள். படத்தில் உரிமை கொண்டாடக்கூடியவர் யாராக இருந்தாலும் அவருக்குத் தகவல் கொடுக்க வேண்டும், ஒரு மாதம் காத்திருக்க வேண்டும், ஆட்சேபணை இருந்தால் அதற்குள் வரும் என்றாள் பொன்மணி. வேல்ராஜுக்குத் தபால் போனது.

ஆட்சேபணை வந்தது. வராமல் இருக்குமா? 'மேற்படி படம் கிருஷ்ணவேணி என்பவர் கேட்டுக்கொண்டதன் பேரில், மிளகாய் வத்தலைப் பிரதிபலனாகப் பெற்று எடுக்கப்பட்டது. எனவே உரிமை அவருடையது. அவரிடமிருந்து எங்கள் நிறுவனம் எழுத்துமூலம் உரிமை பெற இருக்கிறது.' இவாஞ்சலின் தன் வாயால் சொன்ன வார்த்தைதான், வக்கீல் கோட்டு மாட்டிக்கொண்டு திரும்பி வந்திருந்தது.

அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை. பிரின்ஸ்டன்கூடக் கேலி பேசவில்லை. "அந்தப் பிள்ளை கையெழுத்துப் போட்டிருமோ?" என்றான். போடாமல் என்ன செய்வாள்? அவள் வத்தலை வருடா வருடம் எடுப்பவர் வேல்ராஜ். இவாஞ்சலின் அவளுக்கு யார்? ஒருநாள் ரோட்டில் வண்டியை நிறுத்தியவள். "நான் அவள நிர்ப்பந்தம் பண்ண மாட்டேன்" என்றாள் இவாஞ்சலின். "ஆனா ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்திருதேன். இல்லன்னா எனக்கு ஆறாது." மனுவின் நகலைப் பையில் வைத்துக்கொண்டு காலையிலேயே கிளம்பினாள்.

தை மாதம். செடிகளில் பச்சையும் சிவப்புமாகக் காய் தொங்கியது. முந்தின நாள் தூறலில் கரிசல் குழைந்து, ஸ்கூட்டர் சக்கரத்தை அப்பிக்கொண்டு நகரவிடவில்லை. வண்டியைத் தார்ரோட்டிலேயே விட்டுவிட்டு, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தாள். கிருஷ்ணவேணி மிளகாய்ப் பழம் பறித்துக்கொண்டிருந்தாள். இவளைப் பார்த்ததும், "வாங்கக்கா, வருவீங்கன்னு தெரியும்" என்றாள். அந்தக் குரலில் சிரிப்பு இருந்ததா, கோபம் இருந்ததா என்று இவாஞ்சலினுக்குப் பிடிபடவில்லை.

வரப்பில் உட்கார்ந்தார்கள். கிருஷ்ணவேணி ரவிக்கைக்குள் இருந்து பர்ஸை எடுத்து, நாலாக மடித்த ஒரு தாளைப் பிரித்தாள். "முந்தாநாள் கம்பெனி கணக்கப்பிள்ளை கொண்டாந்து குடுத்தாரு. நீங்க பேருக்காக அலையுததையும் மனுப் போட்டதையும் அவருதான் சொன்னாரு. கையெழுத்துப் போடு, இந்த வருசம் ஒன் வத்தல மொதல்ல எடுத்துக்கிடுதோம்னு சொன்னாரு. நான் பத்தாவது படிச்சவ யக்கா. வாசிக்காம எதுலயும் போட மாட்டேன்."

"வாசிச்சியா?"

"ரெண்டு தடவ. ஒங்களுக்குக் கூலி குடுத்து நான் படம் எடுத்தேனாம். அந்தப் படத்த அவுகளுக்குக் குடுத்துட்டேனாம்." அவள் குரல் ஏறியது. "களத்துக்கு வந்த மனுசிக்கு ஒரு கை அள்ளிப் போட்டது கூலியா? இன்னைக்கு இதுக்குக் கையெழுத்துப் போட்டா, நாளைக்குக் கோயில்ல வெளக்குக்கு எண்ண ஊத்துனவ சாமிய வெலைக்கு வாங்கிட்டான்னு எழுதுவாரு! எங்க மாமனாரு கேட்டா மண்ணுக்குள்ள இருந்து எந்திரிச்சு வந்திருவாரு."

இவாஞ்சலினுக்குக் கண் கலங்கிவிட்டது. "ஒன் வத்தல எடுக்காமப் போயிட்டா என்னட்டி செய்வ?"

"வாங்குததுக்கு ஊருல அவர் ஒருத்தர்தானா? காரம் என் மிளகாயில இருக்கு, அவர் பாக்கெட்டுலயா இருக்கு?" என்றாள் கிருஷ்ணவேணி. பேனா கேட்டு வாங்கி, கணக்கப்பிள்ளை கொடுத்த அதே தாளைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில் தன் கையால் எழுதினாள். வத்தல் கொடுத்தது களத்து வழக்கம், படத்துக்கு விலை இல்லை, படம் எடுத்தவருடையது. கீழே கையெழுத்து, தேதி. எழுதி முடித்து ஊதிக்கூடப் பார்த்துக்கொண்டாள்.

"நீங்க என்ன எழுதிப் போட்டீங்கன்னு நான் பாக்கலாமா?" என்றாள் பிறகு.

இவாஞ்சலின் சந்தோஷமாக மனுவின் நகலை எடுத்து நீட்டினாள். கிருஷ்ணவேணி அதையும் விரல் வைத்து முழுக்க வாசித்தாள். ஒரு இடத்தில் விரல் நின்றது.

"மிளகாய்க் களத்தில் ஒரு பெண்."

"அது தலைப்பு. சும்மா ஒண்ணு கேட்டாங்க…"

"ஒரு பெண்ணாக்கா?" அவள் கோபப்படவில்லை. அதுதான் இவாஞ்சலினுக்குப் பொறுக்க முடியாமல் போனது. "பாக்கெட்டுல ஒங்க பேர வெட்டிட்டாங்கன்னு நாலு மாசமா அலையுதீங்க. என் பேரு ஒங்களுக்குத் தெரியும். வேல்ராஜ்கிட்டகூடச் சொல்லியிருக்கீங்க. இதுல மட்டும் எழுத மறந்துபோச்சா? படம் ஒங்களுதுதான், நான் எழுதித் தந்துட்டேன். மொகம் என்னுதுலா?"

யேசப்பா, என்று இவாஞ்சலினுக்கு உள்ளே அலறியது. வேல்ராஜின் ஆள் கத்தரியை எடுத்து வெட்டினான். இவள் கத்தரியே இல்லாமல் வெட்டியிருக்கிறாள். கேட்டதற்கு எடுத்து, கொடுத்ததை வாங்கி, சிரித்ததை வைத்துக்கொண்டு, பெயரை மட்டும் வரப்பிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறாள். வெட்கமாக இருந்தது. "தப்புதான்" என்றாள் நேராக. "ரொம்பத் தப்பு, வேணி."

"சரி விடுங்க, தப்ப மாத்திப்புடலாம்" என்று கிருஷ்ணவேணி சேலையைத் தட்டிக்கொண்டு எழுந்தாள். "வந்ததுக்குப் பழம் பறிச்சுக் குடுங்க. ரெண்டு ஆளு வரலை இன்னைக்கு." மத்தியானம் வரைக்கும் இவாஞ்சலின் பழம் பறித்தாள். கை எரிந்தது. சாயங்காலம் கேமராவைத் தொட முடியவில்லை.

இவாஞ்சலின் கொண்டுபோய்க் கொடுத்த அந்தத் தாளின் இரண்டு பக்கத்தையும் வேல்ராஜ் பார்த்தார். முன்பக்கம் அவர் வக்கீல் எழுதியது, பின்பக்கம் கிருஷ்ணவேணி எழுதியது. பின்பக்கத்தை இரண்டு தடவை வாசித்தார். "எங்க அய்யாவும் களத்துல நின்னு அள்ளிக் குடுத்த ஆளுதாம்மா" என்றார் கடைசியில். "அதைக் கூலின்னு நானே எழுதிட்டேன் பாத்தியா. சை! ஏவாரம் மனுசன என்ன பாடு படுத்துது." ஆட்சேபணையைத் திரும்ப வாங்கிக்கொண்டார். கிருஷ்ணவேணியின் வத்தலையும் அந்த வருடம் அவர்தான் எடுத்தார். அவள் சொன்ன விலைக்கு எடுத்தார் என்று ஊரில் பேச்சு.

பொன்மணி மனுவின் தலைப்பைத் திருத்தக் கடிதம் போட்டாள். சர்டிபிகேட் வந்தபோது அதில் 'களத்தில் கிருஷ்ணவேணி' என்றிருந்தது. புதிய பாக்கெட்டும் கடைக்கு வந்தது. கீழே சின்ன எழுத்தில்தான், ஆனால் அழுத்தமாக, 'படத்தில்: கிருஷ்ணவேணி. படம்: இவாஞ்சலின்.' பிரின்ஸ்டன் ஒரு டஜன் வாங்கி, தன் பஸ்ஸில் தெரிந்தவர் ஏறினால் டிக்கெட்டோடு பாக்கெட்டையும் காட்டினான். கேட்டால், "பேலன்ஸ் சில்லறை இல்லாத நேரத்துல பேச்சுக்கு ஆச்சுல்லா" என்பான்.

ஸ்டுடியோவின் ஆர்டர் பாரத்தில் இப்போது ஒரு வரி கூடியிருக்கிறது, எந்தப் படம் யாருக்கு உரிமை என்று. அது வக்கீல் சொன்னது. இவாஞ்சலின் தானாகச் செய்தது வேறு. கம்ப்யூட்டரில் பத்து வருடமாகச் சேர்த்து வைத்திருந்த தன் படங்களை ஒவ்வொன்றாகத் திறந்தாள். 'ஆட்டுக்காரர்.' 'பருத்தி எடுக்கும் பெண்கள்.' 'டீக்கடையில் முதியவர்.' எல்லாமே அவளுடையதுதான், சந்தேகமே இல்லை. ஒருவர் பெயர்கூட அவளுக்குத் தெரியவில்லை. அடுத்த ஞாயிறு கோயில் ஆராதனை முடிந்ததும் ஒரு கட்டுப் பிரிண்டை எடுத்துக்கொண்டு ஸ்கூட்டரைக் கிளப்பினாள். "இன்னைக்குமா?" என்றான் பிரின்ஸ்டன். "பெட்ரோலுக்கு நீங்க குடுத்தா படம் ஒங்களுதாயிரும், நானே போட்டுக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஓட்டப்பிடாரம் ரோட்டில், ஆறு வருடத்துக்கு முன் எடுத்த அதே பக்கத்தில், அந்த ஆட்டுக்காரர் நின்றிருந்தார். பிரிண்டை அவர் கையில் கொடுத்தாள். அவர் அதைத் தள்ளிப் பிடித்து, கிட்டே பிடித்து, வெயிலுக்குச் சாய்த்துப் பார்த்தார்.

"ஒங்க பேரு என்ன அண்ணாச்சி?"

"எதுக்கும்மா? ஆதார்ல எதுவும் தப்பா?"

"இல்ல. இந்தப் படத்துக்குக் கீழ எழுதணும். முன்னாலயே கேட்டிருக்கணும், கேக்காம விட்டுட்டேன்."

அவர் அவளையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "மாடக்கண்ணு" என்றார். அவள் நோட்டில் எழுதி முடித்து மூடப் போனாள்.

"இரும்மா, மூடாத" என்றார் மாடக்கண்ணு. படத்தில் தன் காலடியில் நின்ற ஆட்டின்மேல் விரலை வைத்தார். "இவ செவலை. போன வருசம் செத்துப்போயிட்டா. இந்தா முட்டிக்கிட்டு நிக்காளே, இவ கருவாச்சி. அவளுக்குப் பின்னால பாதி மூஞ்சி தெரியுதுலா, அவ சின்னப்பொண்ணு. அத்தனைக்கும் பேரு இருக்கு, எழுதிக்கோ."

இவாஞ்சலின் ஸ்கூட்டர் சீட்டின்மேல் நோட்டை விரித்து வைத்துக்கொண்டு, பதினாலு ஆட்டின் பெயரையும் அவர் சொல்லச் சொல்ல எழுதினாள்.